மாரியின் மூக்கு உடைந்த நான்கு நிமிடம்

பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரை மைதானத்தில், 2012-ஆம் ஆண்டு மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் நான்கு நிமிடங்கள் பன்னிரண்டு வருடம் செலவாகாமல் கிடந்தன. முழுசாகக் கிடந்தன என்று சொல்ல முடியாது. ஆளாளுக்கு எடுத்துப் புழங்கியதில் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனாலும் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தவருக்கு, விடியற்காலை ஐந்து மணியானாலும் சரி, ஐப்பசி அடைமழையானாலும் சரி, அந்த ஞாயிற்றுக்கிழமையின் சாயங்கால வெயில்தான் முதுகில் அடித்தது. வறுத்த வேர்க்கடலை வாசனை வந்தது. வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தால், உலகத்தில் ஒரு விநாடிகூடப் போயிருக்காது. தண்ணீர்த்தொட்டி மோட்டார் சாவி யார் வீட்டில் இருக்கிறது என்பதைப் போல, இதுவும் ஊருக்குத் தெரிந்த சங்கதி. யாரும் வாயைப் பிளக்கவில்லை.

மிச்சம் விழுந்த கதை இதுதான். பிள்ளைப்பாக்கம் பிரண்ட்ஸ் அணிக்கும் வல்லக்கோட்டை அணிக்கும் பிளே-ஆஃப். ஜெயிப்பவர்கள் ஸ்ரீபெரும்புதூரில் நடக்கும் இறுதி ஆட்டத்துக்குப் போகலாம். ஏரிக்கரை முழுக்க ஜனம். டிராக்டர் மேல் ஏறி நின்றவர்களே ஐம்பது பேர் இருப்பார்கள். அந்தக் கூட்டம் அதற்குப் பிறகு அந்த ஊரில் எதற்கும் கூடவில்லை, தேர்தலுக்குக்கூட. வல்லக்கோட்டை ஒரு கோல் முன்னால் இருந்தது. இரண்டாம் பாதியில் ஒரு கார்னர் பந்துக்குப் பாய்ந்த நம் கோல்கீப்பர் மாரியின் மூக்கில் எவனோ முட்டி வைக்க, மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. பஞ்சு வைத்து அடைத்து அவனை எழுப்பி நிறுத்த நான்கு நிமிடம் ஆனது. ரெஃப்ரி சங்கரநாராயணன் நான்கு விரலைத் தூக்கி நாலா பக்கமும் காட்டினார்: ஆட்டம் நான்கு நிமிடம் நீளும். காட்டியதை ஊரே பார்த்தது.

அந்த நான்கு நிமிடம் தொடங்கும்போதே, சரியாக ஐந்தரைக்கு, மைதானத்தை ஒட்டிய கம்பெனியில், ஞாயிறென்றும் பாராமல், ஜெனரல் ஷிப்டு முடிகிற சங்கு ஊதியது. ஆடிக்கொண்டிருந்த இருபத்திரண்டு பேரில் இருபத்தோரு பேர் கம்பெனி ஆட்கள். சங்கு ஊதினால் கை தானாக நின்றுவிடும் உடம்புகள். நின்றார்கள். சங்கரநாராயணனோ தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு கம்பெனியின் டைம் ஆபீசில் பத்தொன்பது வருடம் குப்பை கொட்டியவர். சங்குச் சத்தத்தோடு சத்தமாக அவரும் விசிலை ஊதிவிட்டார். நிற்காதவன் கார்முகில் ஒருவன்தான். அந்தச் சமயம் அவனுக்கு வேலை இல்லை. அவன் அடித்த பந்து வலைக்குள் போனபோது வல்லக்கோட்டை கோல்கீப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். விசில் முந்தி, பந்து பிந்தி. கோல் இல்லை என்றார் ரெஃப்ரி. விசில் ஊதியது ஊதியதுதான் என்றார்.

அன்றைக்குக் கரையில் நின்று அடித்து அடித்தே மேளத்தைக் கிழித்தவர் அண்ணாதுரை. கம்பெனியில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிற மனுஷர். பந்தைக் காலால் தொட்டதே கிடையாது. ஆனால் பிரண்ட்ஸ் அணி ஆடும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாய் மட்டும் ஆறு பேருக்குச் சமம். “ஓவர்டைம் குடுக்காம கேட்ட சாத்திட்டான்யா!” என்று அவர் போட்ட சத்தம் வல்லக்கோட்டை முருகனுக்கே கேட்டிருக்கும். அடுத்த வாரமே பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் வைத்தார்: ‘எங்கள் நான்கு நிமிடம் எங்கே?’ கீழே பதினெட்டுப் பேர் போட்டோ. நடுவில் அவர் கூலிங் கிளாஸோடு. லீக் கமிட்டிக்கு மூன்று மனு போனது. பதில் வரவில்லை. சங்கரநாராயணன் டீக்கடைப் பக்கம் வந்தால் எவனாவது வாயாலேயே சங்கு ஊதுவான். அந்த மனுஷர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடையைக் கட்டுவார். பிறகு வருவதையே விட்டுவிட்டார். “வூட்டுக்கு ஒரு நிமிஷம் ஒதுக்காத ஆளு, நாலு நிமிஷத்தத் தேடிக்கினு கீறாரு” என்று அண்ணாதுரையின் மனைவி ரஞ்சனி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள்.

நான்கு நிமிடம் எங்கேயும் போகவில்லை, மைதானத்திலேயேதான் கிடக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவன் மாரி. மூக்கில் கட்டோடு, கம்பெனி பஸ்ஸைத் தவறவிடும் பயத்தில் விடியற்காலை மைதானத்தின் குறுக்கே ஓடியிருக்கிறான். மெயின் ரோட்டுக்குப் போனால் பஸ் இன்னும் வரவில்லை, நெற்றியில் மட்டும் வெயில் பட்ட சூடு. இதை அவன் தன் லைனில் சொல்ல, ஒரு மாதத்துக்குள் தாமதமாக எழுந்தவன் எல்லாம் குறுக்கே ஓட ஆரம்பித்துவிட்டான். கம்பெனியின் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கும் ஸ்ரீதர்தான் விஷயத்தைப் பிடித்தான். கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தாலும் உள்ளே கோல் கம்பத்தின் நிழல் அந்தச் சாயங்காலத்து நிழலாகவே கிடந்தது. ஆள் உள்ளே போய் வரும்போதெல்லாம் அது விநாடிக்கு அரை சென்டிமீட்டர் நீண்டது. கோட்டோரமாகவே டேப் வைத்து அளந்து கணக்குப் போட்டு, ஐம்பது விநாடி போயே போச்சு என்றான்.

அண்ணாதுரை அந்த டேப்பைப் பிடுங்கிச் சுருட்டினார். அந்த நேரம் அணியின் நேரம். ஒருநாள் அதே ரெஃப்ரியை வைத்து, அதே இடத்தில் பந்தைப் போட்டு, ஆட்டத்தை முடிக்க வேண்டும். கார்முகில் அடிக்கிற கோல் கோல்தான் என்று எழுத வேண்டும். இதுதான் அவர் கேட்டது. நிழல் நுனிக்கு நேரே, கோட்டுக்கு வெளியே ஒரு ஆணி அடித்தார். யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்றார். ஒரு பிரசவத்துக்கு ஆட்டோ குறுக்கே போக விட்டார், எட்டு விநாடி; அதற்கும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆட்டத்தை முடிக்கத்தான் நேரம் அமையவில்லை. ஏ ஷிப்டு, பி ஷிப்டு, சி ஷிப்டு என்று பிரிந்துகிடந்த அணியில் பதினோரு பேர் ஒரே சமயத்தில் விழித்திருப்பதே அபூர்வமாகிவிட்டது. ஒருவனுக்குக் கல்யாணம், ஒருவனுக்கு முழங்கால், ஒருவன் ஓசூருக்கு மாற்றல். ஃபிளெக்ஸ் வெளுத்தது, முகங்கள் போயின, கூலிங் கிளாஸ் மட்டும் கொஞ்ச நாள் தெரிந்தது. 2017-இல், ஷிப்டு முடிந்து வந்த மாரியை ஒரகடம் கூட்டுரோட்டில் லாரி அடித்தது. ஊரே போய் எடுத்து வந்தது. அவன் மனைவி சின்னப்பொண்ணு மூன்றாம் மாதம் கார்களுக்கு ஒயர் கட்டும் ஹார்னஸ் லைனில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அதற்கப்புறம் ஆணியைத் தாண்டி நிழல் நீள ஆரம்பித்தது. ஒரு மாதம் ஒரு சென்டிமீட்டர், சில மாதம் ஒன்றுமே இல்லை, மறுபடி ஒன்று. அண்ணாதுரை ஊரில் பாதிப் பேரைச் சந்தேகப்பட்டு, மீதிப் பேரிடம் அதைச் சொல்லிப் பகையைத் தேடிக்கொண்டார். கடைசியில் ஒரு நாள் மத்தியானம் லீவு போட்டுவிட்டு, ஏரிக்கரை வேலிக்காத்தான் மறைவில் உட்கார்ந்தார். மூன்று மணிக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய சின்னப்பொண்ணு, ஐடி கார்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, நேராகக் கோல் கம்பத்தின் பின்பக்கம் போய் நின்று, கோட்டுக்குள் ஒரு காலை வைத்து, இரண்டு விநாடி நின்றுவிட்டு எடுத்தாள்.

அண்ணாதுரை பாய்ந்து போனார். “இன்னா சின்னப்பொண்ணு, நீயுமா? இது ஊரு ஆட்டத்தோட டைமு. உனுக்கு இன்னா வேல இங்க?”

அவள் பதறவில்லை. “யாரு டைமுண்ணே? அந்த நாலு நிமிஷம் எப்டி வந்துச்சு? எங்கூட்டுக்காரரு மூக்குல ரத்தம் ஊத்தி வந்துச்சு. உங்க மேளத்துலேர்ந்து வந்துச்சா?”

“அதுக்கு?”

“கால வெச்சுப் பாருங்க.”

அண்ணாதுரை ஆணி அடித்த நாளிலிருந்து தானே உள்ளே இறங்கியதில்லை. வைத்துப் பார்த்தார். வெயில் அடித்தது. கோல் கம்பத்துக்கு நடுவே, மூக்கில் பஞ்சோடு, கையைத் தட்டிக்கொண்டு மாரி நின்றான். மற்றவர்கள் எல்லாம் அன்றைக்கே திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். செத்த பிறகும், ஆட்டம் முடியாமல் காவலை விடாதவன் அவன் ஒருவன்தான் போலிருக்கிறது. அண்ணாதுரை காலை எடுத்தார். அன்றிலிருந்து ஆணியை அவ்வப்போது அவரே கொஞ்சம் தள்ளி அடித்து வைத்ததை ஸ்ரீதர் பார்த்தான், ரஞ்சனியும் பார்த்தாள். ரஞ்சனி பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி.

2024 வைகாசியில் மைதானம் விலை போனது. குடோன் வரப்போகிறது, திங்கட்கிழமை ஜேசிபி இறங்கும் என்றார்கள். ஸ்ரீதர் அளந்து சொன்னான்: ஒரு நிமிடம் நாற்பது விநாடி பாக்கி. அண்ணாதுரை முதலில் போனது சின்னப்பொண்ணு வீட்டுக்கு. வாசலில் நின்றபடியே சொன்னார்: “ஞாயித்துக்கெழம ஆடி முடிச்சுடலாம்னு கீறேன். நீ வாணாம்னா வாணாம். மிச்சத்த நீயே வெச்சுக்க.”

அவள் வாசற்படிக்கு வந்து நின்றாள். “ரெண்டு ரெண்டு செகண்டா பாத்தா அவரு நிக்கறது மட்டுந்தாண்ணே தெரியுது. பால் புடிச்சாத்தான அவரு. ஆடுங்க.”

அப்புறம் ஸ்ரீபெரும்புதூருக்குப் போய், ரிட்டயர் ஆகி வாடகை வீட்டிலிருந்த சங்கரநாராயணன் எதிரில் உட்கார்ந்தார். கிழவரே பேச்சைத் தொடங்கினார். “கைப்பழக்கம்லா அண்ணாதுரை. சங்கு ஊதிச்சு, நானும் ஊதிட்டேன். மறுநிமிசமே தெரிஞ்சு போச்சு. ரோசத்துல ஒத்துக்கிடல, அவ்வளவுதான்.”

“அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்?”

“சொன்னா விட்டிருப்பியளாக்கும்? மேளக்குச்சியில்லா கைல இருந்துச்சு ஒமக்கு.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏரிக்கரையில் பழைய கூட்டத்தில் கால்வாசி சேர்ந்தது. பன்னிரண்டு வருடமாக ஏமாற்றுக்காரர் பட்டம் சுமந்து அலுத்துப்போன வல்லக்கோட்டைக்காரர்கள் வேன் வைத்து வந்தார்கள். பிரண்ட்ஸ் அணியில் மாரியைத் தவிர பத்துப் பேரும் வந்துவிட்டார்கள். ஓசூர்க்காரன் ராத்திரி பஸ் பிடித்து வந்திருந்தான். கார்முகில் இப்போது ஷிப்டு இன்சார்ஜ். பழைய ஜெர்சி தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. ஆடுபவர்கள் முழுசாகவும், பார்க்க வந்தவர்கள் ஒரு காலை மட்டும் வைத்தும், எல்லோரும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டினார்கள். சாயங்கால வெயில் விழுந்தது. கம்பத்தடியில் நின்ற மாரி அவர்களைப் பார்த்துவிட்டு, “இன்னாங்கடா, நாலு நிமிஷத்துல இம்மாந்தொப்ப?” என்றான். சங்கரநாராயணன் பன்னிரண்டு வருடத்துக்கு முன் நின்ற அதே இடத்தில், கார்முகில் காலடியில் பந்தைப் போட்டார்.

வல்லக்கோட்டை கோல்கீப்பர் குனிந்து நின்றான். அவனுக்கும் முட்டி வலி. கோல் முகம் திறந்த வாசலாகக் கிடந்தது. கார்முகில் காலைத் தூக்கினான். “அட்றா!” என்று அண்ணாதுரை கத்தியது கூட்டத்தின் கத்தலுக்கு மேலே கேட்டது. கத்திய வாயோடு அவர் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தார். சின்னப்பொண்ணு கோல் வலைக்குப் பின்னால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, புருஷன் முதுகைப் பார்த்தபடி நின்றாள். பந்து இந்தக் கோடியில் இருந்ததால் மாரி சும்மா நின்றான். நிற்பதைத்தான் அவள் ஏழு வருடமாகப் பார்த்தாயிற்று.

“டேய் கார்முகிலு! பின்னாடி தட்டுடா! மாரிக்குக் குடுடா!” என்று அண்ணாதுரையே மறுபடி கத்தினார்.

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. பிறகு கார்முகில் பந்தைத் திருப்பினான். அது நான்கு கால் மாறி மாரியிடம் போனது. மாரிக்கு எரிச்சல். “டைம் இல்லடா, எனக்கு ஏண்டா தர்றீங்க!” என்று ஓங்கி முன்னால் உதைத்தான். பந்து மறுபடி பின்னால் வந்தது. வல்லக்கோட்டைக்காரன் ஒருவன் ஓடி வந்து, தனக்குப் பாவம் சேராத மாதிரி ஒரு லேசான பந்தைக் கோல் பக்கம் உருட்டினான். மாரி அதற்கு முழு நீளத்துக்குப் பாய்ந்து, மண்ணில் புரண்டு எழுந்தான். சின்னப்பொண்ணு சத்தமாகச் சிரித்தாள். தோற்றுக்கொண்டிருக்கும் அணி தன் நேரத்தைத் தானே வீணாக்குவதை உலகத்தில் எந்த ரசிகரும் கைதட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஏரிக்கரை கைதட்டியது. கடைசியாகத் திரும்பி வந்த பந்தை, பொறுக்க முடியாமல், மாரி இரண்டு கையாலும் அள்ளி மார்போடு வைத்துக்கொண்டான். சொந்த ஆள் காலால் தட்டிய பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுக்கக் கூடாது; பச்சையான ஃபவுல், எதிரணிக்குக் கோலடியில் ஃப்ரீ கிக். சங்கரநாராயணன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். மாரி பந்தோடு திரும்பி, வலைக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்து, “தோ, வூட்டுக்குப் போலாம் இரு” என்றான். நிழல் எட்ட வேண்டிய இடத்தை எட்டியது. இந்தத் தடவை விசில் ஒரு விநாடி முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை.

காலை ஏழு மணி வெயில் அடித்தது. பந்து மட்டும் கோல் கோட்டின் மேல் கிடந்தது. வல்லக்கோட்டை ஒன்று, பிள்ளைப்பாக்கம் பூஜ்யம்.

“தோத்துட்டோம்ணே” என்றாள் சின்னப்பொண்ணு.

“அதான் தெரியுதே” என்றார் அண்ணாதுரை. அவர் கன்னத்தில் துடைத்தது வியர்வைதான் என்று ரஞ்சனி இன்றுவரை நம்பவில்லை.

மறுநாள் ஜேசிபி வந்தது, எட்டே மாதத்தில் குடோன் எழும்பியது. தாமதமாக எழுபவர்கள் இப்போது பஸ்ஸைத் தவறவிடுகிறார்கள். சங்கரநாராயணன் வாரத்துக்கு இரண்டு நாள் டீக்கடைக்கு வருகிறார், முழு டீயும் குடிக்கிறார். மாரி பந்தைக் கையில் எடுத்தானே, அது ஃபவுல் இல்லையா என்று விவரம் தெரிந்த வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், அண்ணாதுரை மட்டுமல்ல, வல்லக்கோட்டைக்காரர்களும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: அந்நேரம் வெயில் கண்ணில் அடித்தது, ஒன்றும் தெரியவில்லை.