இரண்டு டப்பாக்கள்

என் வீட்டுக்காரருக்குக் கைநடுக்க நோய். குடலில் வாழும் பாக்டீரியாவுக்கும் அந்த மூளை நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராயும் டாக்டரம்மா, எங்கள் இருவரின் மலத்தையும் தனித்தனி டப்பாவில் கேட்டார். ஒரே சமையலைச் சாப்பிடும் நோயாளியையும் நோயில்லாதவரையும் ஒப்பிட வேண்டுமாம்.

டப்பாக்களை வாங்க ஆள் வந்து வாசலில் நின்றார். இவரோ நாலு நாள் மலச்சிக்கலோடு கழிவறையில் தவம் கிடந்தார்.

“வருதா, இல்லையா?” என்று கதவைத் தட்டினேன்.

“நீ மிரட்டினா வர்றதும் வராதுடி!”

எனக்குப் பொறுமை போய்விட்டது. என்னுடையதையே இரண்டு டப்பாவிலும் பங்கு போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த மாதம் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “ரெண்டு டப்பாவும் அச்சு அசலா ஒண்ணா இருக்கே! எந்தப் புருஷன் பொண்டாட்டிக்கும் இப்படி இருக்காதும்மா. உண்மையச் சொல்லுங்க.”

நான் இவர் பக்கம் திரும்பினேன்.

“முப்பது வருஷத்துல இதுலயாவது ஒத்துப்போனோமே!” என்று சொல்லிவிட்டு இவர் குபீரென்று சிரித்தார்.

நோய் வந்ததிலிருந்து மரப்பலகை போல இறுகிக் கிடந்த முகம் அது. கன்னத்துக் குழிகூடத் தெரிந்தது.

“இந்தத் தடவை அவரோடது மட்டும்” என்று டாக்டரம்மா புது டப்பாவை நீட்டினார். நீட்டியபடியே இருந்தார். நான் இவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுத்தால்தானே அதை வாங்க!