கொடுத்த ‘நீ’

ஜெர்மனியின் பாஸாவ் ஊரில், பேராலயத்தின் முன்னால் கிறிஸ்துமஸ் சந்தை நிரம்பி வழிந்தது. பெய்த பனி தரையைத் தொட்டதும் தண்ணீராகிக்கொண்டிருந்தது. நின்றபடியே குடிப்பதற்காகப் போட்டிருந்த உயர மேசை ஒன்றின் ஓரத்தில், சூடான ஒயின் கோப்பையை இரு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு ரோஸ்விதா கெஸ்லர் நின்றிருந்தாள். கோடையில்தான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். ஆக்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பி, ரெகன்ஸ்பர்க் சந்தையைப் பார்த்துவிட்டு இங்கே வந்திருந்தாள். வழியில் விடுதிக்காரியிடம் சாவி கேட்டதைத் தவிர யாருடனும் பேசவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று தனக்குள் அடிக்கடி சொல்லிக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

“இங்க நிக்கலாங்களா? வேற எங்கயும் இடமில்ல.”

கேட்டவரின் தொப்பியிலிருந்து இரண்டு கலைமான் கொம்புகள் முளைத்திருந்தன. அவற்றில் சிவப்பும் பச்சையுமாய் விளக்குகள் எரிந்து எரிந்து அணைந்தன.

“நில்லுங்க” என்றாள்.

“கொம்பப் பாத்துப் பயந்துராதீங்க. பேத்தி மாட்டிவிட்டது. கழட்டினா அவளுக்கு எப்படியோ தெரிஞ்சிரும்.”

“எங்க இருக்கா பேத்தி?”

“ஹாம்பர்க்ல. நாட்டோட அந்தக் கோடி.”

ரோஸ்விதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் சிரிப்பின் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

அவர் பெயர் பென்னோ ஹார்ட்ல். ஷ்ட்ராவ்பிங்கில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவரும் தனியாகத்தான் ஊர் ஊராகச் சந்தை பார்த்துக்கொண்டு போனார். அவள் ஆசிரியை என்றதும், “நானும் வாத்தியார்தாங்க. ஒரே வித்தியாசம், என் பசங்க தப்புப் பண்ணா நானும் கூடச் சேந்து செத்துருவேன்” என்றார்.

அதன் பிறகு நடந்தது ஒயினாலா, பனியாலா, அந்தக் கொம்பாலா என்று அவளுக்குப் பிறகும் தெளியவில்லை. யாரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னாள். அவள் பள்ளி ஆசிரியர்கள் ஆண்டுதோறும் இந்தப் பருவத்தில் பேருந்து பிடித்துச் சந்தைக்குப் போவார்கள். ஓய்வு பெற்றவர்களையும் அழைப்பார்கள். முட்டி வலி, வர முடியாது என்று அவள் பொய் சொல்லியிருந்தாள். பேருந்தில் எல்லாரும் இரண்டிரண்டு பேராய் உட்காருவார்கள், தன் பக்கத்து இருக்கையில் பைகளை வைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

“எந்த முட்டின்னு சொன்னீங்க?”

“வலது.”

“அப்ப நொண்டறப்ப ஞாபகமா வலது கால நொண்டுங்க. தெரிஞ்ச ஆளுங்க எங்க வேணா நிப்பாங்க.”

அவர் போய் இரண்டு கோப்பைகளையும் மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தார். அப்போதுதான் அவள் கோப்பையை உயர்த்தி, “என் பேரு ரோஸ்விதா” என்றாள்.

கொம்புகள் மின்ன, அவர் அசையாமல் நின்றார். இப்படிக் கோப்பையை உயர்த்தி முதற்பெயரைச் சொன்னால், இனி ‘நீ’ என்றே பேசலாம் என்று பொருள்; அது அவருக்குத் தெரியும். ‘நீங்க’வை விட்டு ‘நீ’க்கு வருவதைப் பெரியவர்தான் சின்னவருக்குக் கொடுக்க வேண்டும், பெண்தான் ஆணுக்குக் கொடுக்க வேண்டும். ரோஸ்விதா அதைக் கொடுப்பவள் அல்ல. பதினோராம் வகுப்புக்கு வந்துவிட்ட மாணவர்கள் எல்லாருக்கும் ‘நீங்க’தான். ஆசிரியர் அறையில் பல ஆண்டுகள் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த லாங்கேவுக்கும் கடைசி நாள்வரை ‘நீங்க’தான்.

“பென்னோ” என்றார் அவர். வழக்கப்படி இருவரும் முழங்கைகளைக் கோத்து, அவரவர் கோப்பையிலிருந்து குடித்தார்கள். ஒயின் அவள் கையுறையில் சிந்தியது.

“நாளைக்கு நீ எங்க?” என்றாள்.

“ஸால்ஸ்பர்க். நீ?”

“நானும்தான்.”

“பேராலயத்துக்குப் பக்கத்துல, குளிருக்குப் பலக அடிச்சு மூடியிருப்பாங்கல்ல நீரூற்று, அங்க நில்லு. அதுக்கப்புறம் ஷ்டையர் போறேன், அங்க மலைமேல கிறிஸ்துமஸ் முத்திரை குத்தறதுக்குன்னே இருக்கிற போஸ்ட் ஆபீஸ்ல பேத்திக்கு ஒரு கார்டு போடணும். வேணும்னா நீயும் வா, ரோசி.”

சிறு வயதிலிருந்தே யாரும் அவளை ரோசி என்று கூப்பிட்டதில்லை. விடுதிக்கு நடந்தபோது உதட்டுக்குள் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் ஸால்ஸ்பர்க்கில் மூடிய நீரூற்றின் அருகே அவள் சீக்கிரமே வந்து நின்றாள். தேவைக்கு மேல் சீக்கிரம். வறுத்த பாதாமின் வாசம் சதுக்கம் முழுக்கப் பரவியிருந்தது. கூட்டத்தில் கொம்புகளைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குரல் கேட்டது.

“கெஸ்லர் மேடம்! அடடே, நீங்களா?”

லாங்கே. பக்கத்தில் இயற்பியல் ஆசிரியர் எப்னர். பின்னால் பழகிய மேலங்கிகள், பழகிய முகங்கள். எப்போதும் நியூரம்பெர்க்குக்குப் போகும் பேருந்து இந்த ஆண்டு இங்கே வந்திருந்தது.

“முட்டி வலின்னீங்களே?” என்றாள் லாங்கே.

“இப்பக் கொஞ்சம் தேவல.”

“தேவலன்னா ஆஸ்திரியா வரைக்கும் தேவல போலருக்கே!” என்று எப்னர் சிரித்தார். “யார் கூட வந்தீங்க?”

“தனியாத்தான்.”

சொல்லி முடிப்பதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர் வந்தார். கைக்கொரு கோப்பை. தலைமேல் சிவப்பும் பச்சையும்.

“ரோசி! உனக்கும் சேத்து வாங்கிட்டேன், சீக்கிரம் பிடி, கை வெந்துபோச்சு!”

லாங்கேவின் புருவங்கள் உயர்ந்தன. எப்னர் கொம்புகளைப் பார்த்தார், பிறகு ரோஸ்விதாவைப் பார்த்தார். அவர் வாயோரத்தில் சிரிப்பு ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. இத்தனை ஆண்டுகளாக அவள் ‘நீங்க’வால் எழுப்பி வைத்திருந்த மதில் அந்தச் சதுக்கத்தில் எல்லாரும் பார்க்க இடிந்துகொண்டிருந்தது.

அவள் முதுகை நிமிர்த்தினாள். வகுப்பறையில் நிமிர்த்துவதுபோல.

“நன்றி, ஹார்ட்ல் சார். நீங்களே குடிங்க.”

அவ்வளவுதான். கெட்ட வார்த்தை எதுவுமில்லை. சத்தம்கூட உயரவில்லை. ஆனால் நேற்றுக் கொடுத்ததை இன்று பலர் முன்னிலையில் பிடுங்கியாகிவிட்டது. அங்கே நின்றவர்களில் அது புரியாதவர் யாருமில்லை.

பென்னோவின் முகத்தில் எதுவும் அசையவில்லை. விளக்குகள் மட்டும் எரிந்து அணைந்தன. அவற்றை நிறுத்துவதற்கு ஒரு விசை இருக்கக் கூடாதா என்று அவள் நினைத்தாள்.

“மன்னிச்சிருங்க மேடம்” என்றார். “கூட்டத்துல ஆள் மாறிப்போச்சு.”

அவளுக்காக அவர் ஒரு பொய்யும் சொல்லிவிட்டார். பிறகு எப்னரின் பக்கம் திரும்பி, “சார், ஒண்ணு மிச்சமா இருக்கு, குடிக்கிறீங்களா? ஆறிப்போனா வேஸ்ட்” என்று கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனார். கொம்புகள் வெகுதூரம் வரை தெரிந்தன.

“யாரு அந்த ஆளு?” என்றாள் லாங்கே.

“தெரியல.”

“தெரியலையா? ஹார்ட்ல்னு பேரச் சொன்னீங்களே.”

ரோஸ்விதா கையுறையை இழுத்துச் சரிசெய்தாள். எப்னர் ஒரு வாய் குடித்துவிட்டு, “யாரா இருந்தா என்ன, நல்ல ஒயினாத்தான் வாங்கியிருக்காரு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் பிறகு அவளை அதிகம் வதைத்தது. எங்களோடு சாப்பிட வாருங்கள் என்று லாங்கே அழைத்தபோது, முட்டி வலிக்கிறது என்றாள். நடந்து போகும்போது, யாராவது பின்னாலிருந்து பார்ப்பார்கள் என்று வலது காலை நொண்டினாள். இரண்டு எட்டு வைத்த பிறகுதான் அதை யார் சொல்லிக்கொடுத்தது என்பது நினைவுக்கு வந்தது. முகம் காதுவரை எரிந்தது.

விடுதி அறையில் மேலங்கியைக் கழற்றாமலேயே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கொம்பினால்தான் அப்படிச் செய்தேன் என்று நினைத்துப் பார்த்தாள். அது உண்மையில்லை. கொம்பில்லாமல், நல்ல கம்பளித் தொப்பியோடு அவர் வந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். தனக்கும் ஒருவர் தேவைப்பட்டார் என்பதை அவர்கள் பார்த்துவிடக் கூடாது. அதற்காக அந்த ஒருவரையே விட்டுக்கொடுத்துவிட்டாள்.

அதற்கடுத்த நாள் ஷ்டையருக்கு ரயில் ஏறினாள்.

ஊரைத் தாண்டி மலைமேல், சின்ன மாதா கோவிலின் பக்கத்தில் இருந்தது அந்தத் தபால் நிலையம். கிறிஸ்துமஸ் முத்திரைக்காக மக்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். பென்னோ வெளியே மரப்பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். தலையில் கொம்பு இல்லை. அது இல்லாமல் அவர் வயதானவராகத் தெரிந்தார்.

“பென்னோ” என்றாள்.

அவர் நிமிர்ந்தார். எழுந்து நின்றார். “வாங்க மேடம். உக்காருங்க. முட்டி எப்படி இருக்கு?”

அவள் உட்கார்ந்தாள். அவரும் நடுவில் இடம் விட்டு உட்கார்ந்தார். வரிசை ஓர் அடி நகர்ந்து நின்றது.

“நான் பண்ணது அசிங்கம்” என்றாள். “நீ என்னத் திட்டு. வாய்விட்டுத் திட்டிரு.”

“திட்ட என்னங்க இருக்கு? குடுத்தது நீங்க, எடுத்துக்கிட்டதும் நீங்க.”

“மறுபடியும் குடுக்கறேன். இப்பவே, இங்கயே.”

அவர் பேனாவை மூடினார். எதிரே மலைச்சரிவில் பனி மூட்டமாகக் கிடந்தது.

“அந்த டீச்சருங்ககிட்டச் சொன்னீங்களா, என்னத் தெரியும்னு?”

அவள் குனிந்து கையுறையைப் பார்த்தாள். பாஸாவில் சிந்திய ஒயின் அதில் கறையாக இருந்தது.

“சொல்லல” என்றாள்.

“அதாங்க. இங்க உங்களத் தெரிஞ்சவங்க யாருமில்ல. அதான் ‘நீ’ சுலபமா வருது.” அவர் குரலில் கோபமில்லை. பயிற்சிக் காரில் பக்கத்தில் இருப்பவருக்குப் பிரேக் எங்கே என்று காட்டுகிற குரல். “நான் உங்க மேல கோபமா இல்ல மேடம். அந்தக் கொம்போட வந்தா யாருக்கும் சங்கடந்தான். ஆனா அது ஒரு தடவ குடுக்கறதுங்க. எனக்கு ரெண்டாவது தடவ வாங்கிக்கத் தெரியல.”

அவர் அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முத்திரை குத்தும் சத்தம் வெளியே கேட்டது. திரும்பி வந்தபோது, கீழே ஊருக்குப் போகும் பேருந்து வளைவில் ஏறி வந்துகொண்டிருந்தது.

“நீங்க வரலையா? இதுக்கப்புறம் ரொம்ப நேரம் பஸ் இல்ல” என்றார்.

“நடந்து எறங்கறேன்.”

“வழுக்கும். பாத்து வாங்க மேடம்.”

பாத்துப் போ, பென்னோ. அந்தச் சொற்கள் அவள் நாக்கின் நுனியில் நின்றன. அவர் என்ன சொன்னாலும், தன் பங்குக்கு அந்த ‘நீ’யை விடாமல் பிடித்துக்கொள்ளலாம் என்று வழி முழுக்க நினைத்திருந்தாள். இப்போது அது வாயில் கனத்தது. ஒருவர் ‘நீ’ என்றும் மற்றவர் ‘நீங்க’ என்றும் பேசுவது எங்கே என்று அவளுக்குத் தெரியும். சின்ன வகுப்புகளில் அப்படித்தான் பேசினாள். மேசைக்கு அந்தப் பக்கம் குழந்தைகள், இந்தப் பக்கம் அவள்.

பேருந்தின் கதவு திறந்தது. அவர் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்களும் பாத்துப் போங்க, ஹார்ட்ல் சார்” என்றாள்.

அவர் தலையசைத்தார். கதவு மூடியது. ஜன்னலோரத்தில் அவர் பைக்குள் எதையோ தேடுவது தெரிந்தது. கொம்புகளை எடுத்து மாட்டிக்கொள்வாரோ என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் எடுத்தது கைக்குட்டை. ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு, மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தார்.