இடது பக்கத்தில் ஒரு குரல்

ஐந்தாவது ஜோடியையும் காதிலிருந்து கழற்றிவிட்டு யுவே-லான் அதே பதிலைத்தான் சொன்னாள்.

“இதுவும் நல்லாத்தான் இருக்கு, அழகா.”

ஹெட்போன் கடைக்காரர் ஃபாங்குக்கு ஐம்பத்தைந்து வயது, முன்வழுக்கை, நெற்றிமேல் ஏற்றிவிட்ட கண்ணாடி. அவரை யாரும் அழகன் என்று சொல்லிப் பல காலம் ஆகியிருக்கும். அது அவள் வாய்க்குப் பழகிப்போன வார்த்தை. பதினாறு வருஷமாகக் காலை உணவுக் கடையில் கல்லுக்கு முன்னால் நின்று முட்டை ரொட்டி புரட்டுகிறவள். வருகிற ஆணெல்லாம் அழகன், பெண்ணெல்லாம் அழகி. தைவானின் காவ்ஷியுங் நகரில் எந்தக் காலை உணவுக் கடைக்குப் போனாலும் இப்படித்தான் கூப்பிடுவார்கள். பல் விளக்காமல் வந்து நிற்கிறவனுக்கும் அதே மரியாதை உண்டு.

“மேடம், அஞ்சும் நல்லா இருக்குன்னா நான் எதுக்குக் கடை வச்சிருக்கேன்? இதுல அடிநாதம் கனமா வரும். அதுல பாடுறவங்க மூச்சு விடுறதுகூடக் கேக்கும். வித்தியாசம் தெரியலையா?”

“தெரியுது, தெரியுது. எல்லாமே ஜோரா இருக்கு.”

அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனாலும் உள்ளே மனசு துள்ளிக்கொண்டிருந்தது. போன வாரம், கடை ரசீது எண்களுக்கு அரசாங்கம் நடத்துகிற குலுக்கலில், சோயா சாஸ் பாட்டில் ஒன்று வாங்கிய ரசீதுக்குக் கடைசி நாலு இலக்கமும் பொருந்தி ஆயிரம் தைவான் டாலர் விழுந்திருந்தது. வருஷக்கணக்காக ரசீதுகளைப் பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைத்து, ஒவ்வொரு தடவையும் குப்பையில் போட்டவள் அவள். இந்த ஆயிரத்தைக் குடும்பச் செலவுக்குக் கொடுக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். கைக்காசு ஐந்நூறு சேர்த்தால் ஆயிரத்து ஐந்நூறு. அதற்குள் ஓடும்போது போட்டுக்கொள்ள நல்லதாக ஒரு ஹெட்போன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும். இன்றைக்கு வியாழன்.

ஞாயிறன்று ஐ-ஹே ஆற்றங்கரையில் பத்து கிலோமீட்டர் ஓட்டம். எண்பது நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். முடிக்க முடியாதவர்களை அள்ளிப்போட்டுக்கொண்டு வர, எல்லோருக்கும் பின்னால் ஒரு வேன் ஊர்ந்து வரும். மார்ச்சில் நடந்த ஓட்டத்தில் ஆறாவது கிலோமீட்டரில் அந்த வேன் யுவே-லானை ஏற்றிக்கொண்டது. கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். முடிகிற இடத்தில் தெருக்காரர்கள் எல்லாம் கை தட்டக் காத்திருந்தார்கள். வேனிலிருந்து பழத்தோலோடு அவள் இறங்கினாள். இன்னொரு தரம் அந்த வேனில் ஏறினால் அப்புறம் ஓடவே போவதில்லை என்று அன்று இரவு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னால் சொன்னபடி செய்கிற பிடிவாதக்காரி என்பதால் அந்தப் பயம் நிஜமான பயம்.

அவளுக்கு வேகம் இல்லாமல் இல்லை, அடக்கம்தான் இல்லை. பாட்டில்லாமல் ஓடினால் முதல் மூன்று கிலோமீட்டரைக் குப்பை வண்டியைத் துரத்துகிற மாதிரி ஓடி, நாலாவதில் நாக்குத் தள்ளிவிடும். தாளம் காதில் விழுந்தால் கால் அதற்குக் கட்டுப்படும். அதனால்தான் பாட்டு. ஆனால் சென்ற வாரம் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடும்போது, பின்னால் வந்த ஸ்கூட்டரின் ஹாரன் அவளுக்குக் கேட்கவில்லை. கண்ணாடி முழங்கையை உரசிக்கொண்டு போனது. ஓட்டக் குழுவின் தலைவி மருந்துக்கடை பாவ்-ஜூ நடுத்தெருவில் நின்று கத்தினாள்.

“காதை அடைச்சுக்கிட்டு ஓடுறதா இருந்தா என் குழுவுல ஓடாதே! உன் புருஷனுக்கு யார் பதில் சொல்றது?”

மற்றவர்களைப் போல ஒரு காதில் மாட்டி, மறு காதைத் திறந்து வைக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். யுவே-லானுக்கு இடது காது கேட்காது. இருப்பது ஒரே காது. அதைப் பாட்டுக்குக் கொடுத்தால் சாலைக்கு இல்லை, சாலைக்குக் கொடுத்தால் பாட்டுக்கு இல்லை. இது அவள் புருஷனுக்குத் தெரியும், செத்துப்போன அம்மாவுக்குத் தெரியும், வேறு ஒருவருக்கும் தெரியாது. வாடிக்கையாளர்கள் வலது பக்கம் வரும்படி கல்லை அவளேதான் திருப்பிப் போட்டிருந்தாள். விருந்துக்குப் போனால் மேஜையின் இடது ஓரத்தில் முந்திப்போய் உட்காருவாள். இடப்பக்கம் நின்று கூப்பிட்டுப் பதில் வராதவர்கள், அவளுக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொள்வார்கள். பேசட்டும். செவிடி என்று பள்ளிக்கூடத்தில் வாங்கிய பெயரைவிடத் தலைக்கனக்காரி நல்ல பெயர்.

விலை கூடினதில் பாட்டோடு சாலையும் கேட்குமோ என்ற நப்பாசையில்தான் இந்தக் கடைக்கு வந்திருந்தாள். ஃபாங் ஆறாவது ஜோடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் கொடுத்தார். அவள் மாட்டிக்கொண்டாள். அவர் கணினியில் எதையோ சொடுக்கிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். யுவே-லான் தலையை ஆட்டினாள். கால் விரலால் தரையில் தாளம்கூடப் போட்டாள்.

“எப்படி?”

“பிரமாதம்! இதுதான் எல்லாத்தையும்விட நல்லா இருக்கு.”

ஃபாங் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

“மேடம், இப்போ இடது பக்கம் மட்டும்தான் பாட்டு போகுது. வலது பக்கத்தை நிறுத்திட்டேன்.”

தாளம் போட்ட கால் விரல் அப்படியே நின்றது. முகம் சுட்டது. எழுந்து போய்விடலாம், வாசல் ஆறடி தூரம்தான். சாவியைக்கூட எடுத்துவிட்டாள். ஆனால் போனால் ஞாயிற்றுக்கிழமை? வேன், வாழைப்பழம். அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

“இடது காது கேக்காது. ஏழு வயசுல மீன் குளத்துல குதிச்சு நீந்துவேன். காதுல சீழ் வச்சு, ஜவ்வு கிழிஞ்சுபோச்சு.” முப்பத்தேழு வருஷமாகப் பூட்டி வைத்ததைச் சொல்லி முடிக்க மூன்று மூச்சுக்கூட ஆகவில்லை என்பது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. “டாக்டர் அப்போ ஒண்ணு சொன்னார். கதவுதான் உடைஞ்சிருக்கு, உள்ளே வீடு நல்லாத்தான் இருக்குன்னு. கதவில்லாத வீட்டை வச்சு என்ன செய்ய?”

அவர் பரிதாபப்பட்டு ஏதாவது சொல்வார் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். ஃபாங்கோ நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

“வீடு நல்லா இருக்குன்னு டாக்டரே சொன்னாரா? நல்லா ஞாபகம் இருக்கா?”

“அம்மா அதையே சொல்லிச் சொல்லி அழுவாங்க, மறக்குமா?”

“அட என் தங்கச்சி! இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே! அரை மணி நேரமா என்னைக் கூத்தாட விட்டுட்டியே!”

மேடம் தங்கச்சியாகிவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில், தூசி படிந்த அட்டைப்பெட்டி ஒன்று இரண்டு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து ஊதினார். பிடரியைச் சுற்றி வருகிற வளையம், அதன் இரு நுனியிலும் பொத்தான் அளவில் ஒரு வில்லை. காதுக்குள் நுழைகிற எதுவும் அதில் இல்லை.

“இதை நான் யாருக்கும் சிபாரிசு பண்றதில்லை. பொம்மைன்னுதான் சொல்லுவேன். தகர டப்பாவுக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி இருக்கும். காதுக்கு முன்னால இந்த எலும்பு இருக்கு பார், அதுல ஒட்டி நின்னு அதிரும். கதவு போனா போகுது, சுவர் வழியாப் போவோம். வேலை செய்யும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பண்ணட்டும்னு வேண்டிக்கிறேன்.”

சொல்லிக்கொண்டே அதைச் சார்ஜில் போட்டார். சார்ஜ் ஏறும்வரை இருவராலும் உட்கார முடியவில்லை. கால் மணி நேரம் அவர் கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அவள் கடையிலிருந்த ஹெட்போன் உறைகளையெல்லாம் அடுக்கிவைத்தாள்.

என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால் கேசட்டில் தேயத்தேயக் கேட்ட பழைய தைவானியப் பாட்டு ஒன்றைத் தன் கைபேசியில் எடுத்தாள். ஓடும்போது கேட்பதும் அதுதான். ஒரு பெண், கப்பல்காரனைக் கேலி செய்து பாடுகிற துள்ளல் பாட்டு. வில்லைகளை எலும்பில் பொருத்திக்கொண்டாள். தாடையில் எறும்பு ஊர்வது போல ஓர் அதிர்வு. பெண் குரல் வந்தது. முதல் அடி முடிந்தது.

“ஹேய்!” என்றான் ஒருவன்.

யுவே-லான் வெடுக்கென்று இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அங்கே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டாவது அடி முடிந்ததும் மறுபடி “ஹேய்!” அதே இடத்தில், இடது தோளுக்கு மேலே, யாரோ பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரி. அவள் மறுபடி திரும்பினாள். ரேடியோவிலும் கேசட்டிலும் எல்லாம் ஒன்றாகக் கலந்து, அவன் குரல் அமுங்கிப்போகும். காதில் மாட்டினால் வலது பக்கப் பாதிதான் வரும். இந்தப் பாட்டுக்குள் இப்படி ஒருவன் நிற்கிறான் என்றே அவளுக்கு இத்தனை காலமும் தெரியாது. பாட்டு முழுக்க அவன் “ஹேய்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது, இரண்டும் சேர்ந்து மூக்கு ஒழுகியது. ஃபாங் ஸ்பிரிட் பஞ்சை நீட்டினார். வேறு எதுவும் அவர் கைக்குக் கிடைக்கவில்லை.

“அடிநாதம் எப்படி இருக்கு?” என்று கேட்டார், பழக்க தோஷத்தில்.

“தகர டப்பாதான்,” என்றாள் யுவே-லான். “அழகா, இந்த ஊர்லயே நல்ல தகர டப்பா இதுதான்.”

விலை ஆயிரத்து நானூற்று எண்பது. அவர் குறைக்கிறேன் என்றார், அவள் கூடாது என்றாள். மிச்சம் இருபது டாலருக்கு டீ வாங்கித் தருகிறேன் என்று சொல்லி, அந்த ஊரில் இருபதுக்கு எந்த டீயும் கிடைக்காது என்பது ஞாபகம் வந்து இருவரும் சிரித்தார்கள். கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் இரண்டு தரம் ஓடிப்பார்த்தாள். வளையம் நழுவவில்லை. எதிரே வந்த ஸ்கூட்டரின் ஹாரன் திறந்திருந்த வலது காதில் நன்றாக விழுந்தது. பாட்டும் கூடவே ஓடியது.

அன்று சாயங்காலம் குப்பை வண்டியின் பியானோ மெட்டு கேட்டது. அவள் இருக்கும் சந்துக்கு இரண்டு முனை. வண்டி ஒரு முனையில் நின்றுவிட்டு, சுற்றிக்கொண்டு அடுத்த முனைக்கு வரும். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஒற்றைக் காதுக்குத் தெரியாது. யுவே-லான் இரண்டு பைகளோடு கிழக்கே ஓடினாள். வண்டி மேற்கே நின்றது. திரும்பி மேற்கே பறந்தாள். பைகளை எறிந்துவிட்டு மூச்சு வாங்கினாள். எதிரே மருந்துக்கடை வாசலில் பாவ்-ஜூ இடுப்பில் கை வைத்து நின்றாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் அவளைக் குழுவுக்கே இழுத்திருந்தாள்.

“ஏ லான், கழுத்துல என்னடி மாட்டு மணி?”

யுவே-லான் அதைக் காட்டினாள். காதையும் சொன்னாள். ஒரே நாளில் இரண்டாவது முறை என்பதால் சுலபமாகவே வந்தது. பாவ்-ஜூ வாயைப் பிளந்தாள்.

“அப்போ தினமும் நீ எதிர்ப்பக்கம் ஓடிட்டு வர்றது பயிற்சி இல்லையா? நாங்கல்லாம் அதைப் பார்த்து, சுறுசுறுப்புன்னா இவகிட்ட கத்துக்கணும்னு பேசிக்கிட்டிருந்தோம்டி!”

“பாவ் அக்கா, எனக்கு வண்டி எந்தப் பக்கம்னே தெரியாது.”

இருவரும் குப்பை வண்டி போன பிறகும் தெருவில் நின்று சிரித்தார்கள். அப்புறம் பாவ்-ஜூ கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளைப் பாட்டு போடச் சொல்லிவிட்டுப் பின்னால் பத்தடி போய், “குண்டம்மா!” என்று கூப்பிட்டாள். “நீதான்!” என்று யுவே-லான் திரும்பாமலே பதில் கொடுத்தாள். அனுமதி கிடைத்தது.

ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் துப்பாக்கி வெடித்தது. யுவே-லான் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தாள். முதல் மூன்று கிலோமீட்டரில் கிழவர்கள் அவளை முந்தினார்கள். அவள் அசையவில்லை, தாளத்தை விடவில்லை. ஆறாவது கிலோமீட்டர் பலகை வந்தது. மார்ச்சில் பழம் வாங்கிய இடம். அதையும் தாண்டினாள். ஒன்பதாவதில் கால் இரும்பாகக் கனத்தது. ஒவ்வோர் அடி முடிவிலும் அவன் “ஹேய்!” என்றான், யாரும் இல்லை என்று தெரிந்தும் அவள் ஒவ்வொரு தரமும் இடப்பக்கம் திரும்பினாள்.

“ஹேய்!”

திரும்பினாள். இந்தத் தடவை அங்கே நிஜமாகவே ஒருவன் இருந்தான். அள்ளிச் செல்லும் வேன் ஓசையில்லாமல் பக்கத்தில் வந்து, அவள் வேகத்துக்குச் சரியாக ஊர்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்து பிடித்தபடி ஒருவன் குனிந்து வாயசைத்தான். மடியில் வாழைப்பழச் சீப்பு. அவன் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. எதிரே, பாலத்துக்கு அந்தப் பக்கம், முடிகிற இடத்தின் சிவப்பு வளைவு தெரிந்தது. அதன் கீழே பாவ்-ஜூ ஒரு கையைத் தூக்கி நான்கு விரல்களைக் காட்டினாள். எண்பது முடிய இன்னும் நாலு நிமிஷம்.

“அழகா,” என்று மூச்சுக்கு நடுவே கத்தினாள் யுவே-லான், “கதவைச் சாத்து, தூசி வருது!”

அவன் சாத்தவில்லை. கதவைத் திறந்தபடியே வேனும் அவளும் ஒன்றாகப் பாலத்தில் ஏறினார்கள். பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.