பூண் போட்ட கொய்யாக் கம்பு

புருஷன் மலையாண்டி ஊன்றுகோலுக்குக் கம்பு காயவைத்த லட்சணத்தை யாராவது மெச்சினால் அழகிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு மூட்டு போய்விட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிக்கும் வாசலுக்கும் நகர்கிறாள். அடுத்த தெருவில் தங்கை பொன்னுத்தாய் பக்கவாதத்தில் படுத்துக் கிடக்கிறாள். போனில் கூப்பிட்டால் விம்மல்தான் கேட்கிறது. ஒரு நடை போய் முகம் பார்த்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் அழகிக்கு. ஆவுடையார்கோவில் மெடிக்கலில் அலுமினியக் கம்பு தொங்குகிறது. அதைக் கேட்டதற்குப் புருஷனுக்குக் கௌரவம் பொங்கிவிட்டது.

"எம்பொண்டாட்டி தகரக் குச்சியப் புடிச்சு நடக்குறதா? நானே செஞ்சு தாரேன்."

கொய்யாக் கிளையை வெட்டினார். பட்டை உரித்தார். வெடிக்காமல் இருக்க வெட்டுவாயில் சாணி பூசினார். விட்டத்தில் கட்டி, வளையாமல் இருக்க அடியில் கல்லைத் தொங்கவிட்டார். வேலையில் குறை சொல்ல முடியாது. வாயைத்தான் தாங்க முடியவில்லை. வந்தவர் போனவரையெல்லாம் நிறுத்தி அண்ணாந்து பார்க்கவைத்தார்.

"வெயில்ல போட்டா போச்சு. நெழல்லதான் காயணும். அவசரப்படக் கூடாது."

ஆடியில் கட்டியது தை வரை தொங்கியது. கையைப் பிடித்துக் கூட்டிப்போகச் சொன்னால், "அதான் கம்பு வருதுல்ல" என்பார். காலமெல்லாம் பஸ்ஸில் ஊரையே ஏற்றி இறக்கிய கண்டக்டருக்குப் பெண்டாட்டியை ஒரு தெரு தாண்டவைக்கத் துப்பில்லை.

ஒருவழியாக பாலிஷ் போட்டு, அடியில் பித்தளைப் பூண் மாட்டி நீட்டினார். அழகி ஊன்றிப் பார்த்தாள். கைப்பிடி விலாவில் இடித்தது. மனிதர் தன் இடுப்பை அளந்து வெட்டியிருக்கிறார்! இத்தனை காலம் கூடவே குடித்தனம் நடத்தியும் அவள் உயரம் தெரியவில்லை.

"ஏங்க, இது எனக்குத்தானே செஞ்சீங்க?"

"கொஞ்சம் ஒசரந்தான். பழகிரும். பூணு மாட்டியாச்சு, இனிமே வெட்டப்படாது."

சொல்லிவிட்டு அதைச் சுழற்றிக்கொண்டே டீக்கடைக்குக் கிளம்பினார், நாலு பேரிடம் காட்ட.

காட்டிவிட்டுத் திரும்பியவர் கம்பைச் சாத்திவிட்டுக் குளிக்கப் போனதும் அழகி ரம்பத்தை எடுத்தாள். சனியன், நன்றாகத்தான் காய்ந்திருந்தது. அறுத்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

ஈர வேட்டியோடு மலையாண்டி வாசலுக்கு ஓடிவந்தபோது அவள் தெருவில் இறங்கியிருந்தாள். கம்பு அவள் இடுப்புக்குச் சரியாக நின்றது. அவர் கையில் பூண் மாட்டிய துண்டு மட்டும் இருந்தது.

"அடியே, என்னடி பண்ணிவச்சிருக்க!"

அழகி திரும்பிப் பார்க்கவில்லை.

"அதையும் நெழல்ல கட்டித் தொங்கவிடுங்க. நான் எந்தங்கச்சியப் பாத்துட்டு வாரேன்."