பாஞ்சாலி கூண்டேறவில்லை

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருநூற்றுப் பதினான்கு பக்கக் கட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. உயர் நீதிமன்றத்தில் ஒரு சிவில் மேல்முறையீடு விசாரணைக்கு வருமுன், கீழ்க்கோர்ட்டில் நடந்த அத்தனையையும் வரிசையாக அடுக்கிப் பக்க எண் போட்டுப் புத்தகம் மாதிரி தைத்துக் கொடுக்க வேண்டும். பிராது, பதில், சாட்சிகள் சொன்னது, பத்திரங்கள், கடைசியில் தீர்ப்பு. அதில் கன்னடத்திலும் தமிழிலும் இருப்பதை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. எனக்கு இந்த வேலையைத் தருபவர்களில் வக்கீல் இளவேனிலும் ஒருவர்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுத அனுமதியும் வாங்கியிருக்கிறேன். யாரிடம், எதுவரைக்கும் என்பது போகப் போகத் தெரியும்.)

வேலைக்காகப் படிக்கிறவர்கள் வேகமாகப் படித்துவிட்டுப் போவார்கள். எனக்குக் கதைப் புத்தியாதலால் கட்டையும் நாவலாகவே படிப்பேன். இந்தக் கட்டில் ஒன்று என்னை உறுத்தியது. வழக்குப் போட்டவர் பெயர் பாஞ்சாலி, மர்பி டவுன்காரர், வயது அறுபத்தொன்று. ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் அவர் பெயர் இருக்கிறது. ஒரு பக்கத்தில்கூட அவர் வாய் திறக்கவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது போலிருந்தது.

2

முதல் தொடக்கம்:

'கப்பன் பூங்காவின் மரங்கள்மீது மழை தூறிக்கொண்டிருந்த அந்தக் காலையில், உயர் நீதிமன்றத்தின் சிவந்த கட்டடத்துப் படிகளில் ஒரு முதிய பெண் கண்ணீருடன்…'

இதை இளவேனிலிடம் காட்டியது என் புத்திகெட்ட வேலை. தீர்ப்பைப் படிக்கிற பென்சிலாலேயே என் கதையையும் படித்தார். 'மழை'க்கு அடியில் ஒரு கோடு, ஓரத்தில் 'ஆதாரம்?' என்று ஒரு கேள்வி. 'கண்ணீருடன்' என்பதற்கு இரண்டு கோடு.

"மழை ரெக்கார்டுல இல்லையே," என்றார்.

"கதைக்கு ஒரு சூழல் வேண்டாமா மேடம்?"

"பாஞ்சாலி அம்மா அழுது நான் பார்த்ததே இல்ல. வந்ததும் ஃபேன் போடச் சொல்லுவாங்க. அதை எழுதுங்க."

இரண்டாம் தொடக்கம்: 'ஏழைகளின் நீதிக்காகத் தன் வாழ்வையே…' (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே கூசியது. அப்படியே கிடக்கட்டும்.)

பென்சிலுக்குத் தப்பியது மூன்றாவது. அது இது.

3

இளவேனில் அப்பீல் மட்டும்தான் எடுப்பார். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் முன்னறை அவர் ஆபீஸ். தர்மபுரியிலிருந்து சட்டம் படிக்க வந்தவர், படித்து முடித்தும் பதினேழு வருஷமாக ஊர் திரும்பவில்லை. அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கீழ்க்கோர்ட்டில் தோற்றவர்கள். மீதிப் பாதி ஜெயித்துவிட்டு, எதிராளி அப்பீல் போட்டுவிட்டான் என்று வயிற்றில் நெருப்போடு வருகிறவர்கள். தோற்றவருக்காகக் கட்டில் விரிசலைத் தேடுவார். ஜெயித்தவருக்காக அதே மாதிரிக் கட்டில், தீர்ப்பைத் தாங்கிப் பிடிக்கிற கல்லைத் தேடுவார்.

எல்லாரும் புதிதாக ஏதாவது கொண்டுவருவார்கள். ஒரு போட்டோ, ஊரிலிருந்து இப்போதுதான் வந்த ஒரு சித்தப்பா. இளவேனில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்," என்பார். சட்டி என்பது கட்டு. அப்பீலில் புதிய சாட்சிக்குச் சாதாரணமாக இடம் கிடையாது. கீழே எழுதப்பட்டதைக் கீழ்க்கோர்ட்டு சரியாகப் படித்ததா என்று பார்ப்பதுதான் மேல்கோர்ட்டின் வேலை.*

(* எழுதுகிறவனுக்கு இந்த விதி இருந்தால் தமிழில் பாதி நாவல்கள் வந்திருக்காது.)

பாஞ்சாலியின் வழக்கு இதுதான். மர்பி டவுனில் அப்பா கோவிந்தப்பா விட்டுப்போன ஒரு வீடு. பிள்ளைகள் இரண்டு பேர், அண்ணன் சந்திரனும் தங்கை பாஞ்சாலியும். முன்கட்டில் அண்ணன் குடும்பம். பின்னாலிருக்கும் ஒற்றை அறையில் பாஞ்சாலி. கணவர் போனபிறகு ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து மகன் கிரணை அந்த அறையில் வைத்துத்தான் படிக்கவைத்தார். 2006இல் தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 2014இல் அண்ணன் இறந்தார். அவர் மகன் சுனில், மொத்த வீட்டையும் இடித்து மூன்று மாடி கட்ட வேண்டும், அத்தை அறையைக் காலிசெய்யட்டும் என்றான். பாஞ்சாலி பெயரில் வழக்குப் போனது: ஏதோ வீட்டு வரிக் காகிதம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி ஏமாற்றிவிட்டார்கள், 2015 வரை எனக்கு எதுவுமே தெரியாது, என் பங்கைக் கொடுங்கள்.

வழக்கு தோற்றது. மூன்று மாதத்தில் அறையை விட வேண்டும் என்று தீர்ப்பு. இளவேனில் அப்பீல் போட்டுத் தடை வாங்கியிருந்தார். அப்பீலும் போனால் அறையும் போகும். பாஞ்சாலிக்குக் கேள்வி அந்த ஒன்றுதான்.

4

தோற்றதற்குக் காரணம் தீர்ப்பின் பத்தொன்பதாவது பத்தியில் இருக்கிறது. 'வாதி கூண்டேறவில்லை.' அம்மா கோர்ட்டென்றால் பதறுவாள், மாற்றிப் பேசிவிடுவாள் என்று பவர் எழுதி வாங்கிக்கொண்டு கிரணே அம்மாவுக்காகச் சாட்சி சொன்னான். நம் வீடுகளில் இது வழக்கம்தானே. ரேஷன் கடையானாலும் பேங்க்கானாலும் படித்த பிள்ளைதான் முன்னால் நின்று பேசும், பெற்றவர்கள் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். குறுக்கு விசாரணையின் பக்கத்தை நான்தான் மொழிபெயர்த்தேன்.

கேள்வி: பத்திரம் பதிவான அன்று நீங்கள் சப்ரிஜிஸ்தர் ஆபீசில் இருந்தீர்களா?
பதில்: இல்லை.
கேள்வி: எங்கே இருந்தீர்கள்?
பதில்: ஸ்கூலில். எட்டாம் வகுப்பு.

அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. தனக்குத் தெரியாது என்பதைத் தெரியாதவர்தான் வந்து சொல்ல வேண்டும். கிரண் ரொம்ப நல்லவன் என்பதையும் எழுதிவிடுகிறேன். வைட்ஃபீல்டில் வேலை. அம்மா விஷயமென்றால் லீவு போட்டுவிட்டு மெட்ரோ ஏறி வந்துவிடுவான்.

இளவேனிலுக்கு ஒரே ஒரு வழி தென்பட்டது. அபூர்வமாக, தகுந்த காரணம் காட்டினால், அப்பீலிலும் சாட்சியைக் கூப்பிட அனுமதி கேட்கலாம். பாஞ்சாலி நேரில் வந்து 'எனக்குத் தெரியாது' என்று சொல்லட்டும். அந்த மனுவுக்காகத்தான் இருவரையும் வரச் சொன்னார். மொழிபெயர்ப்பைக் கொடுக்கப் போன நானும் அங்கே இருந்தேன்.

5

பாஞ்சாலி உட்கார்ந்ததும் ஃபேன் போடச் சொன்னார். கிரண் பேச ஆரம்பித்தான்.

"மேடம், அன்னைக்கு என்ன ஆச்சுன்னா, மாமா வந்து அம்மாகிட்ட…"

"கிரண், ஸ்வல்ப நேரம் வெளிய இருங்க."

"இல்ல மேடம், அம்மாக்கு டென்ஷன் ஆயிடும்."

"பரவால்ல. எனக்கும்தான் டென்ஷன்."

அவன் போனபிறகு இளவேனில் பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டார். "அம்மா, கையெழுத்துப் போட்ட அன்னைக்கு அது என்ன காகிதம்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?"

"சொல்லிச்சே. அண்ணன் படிச்சே காட்டுச்சு."

பென்சில் நின்றுவிட்டது.

"இந்த வூட்ல என் பங்க வுட்டுத் தர்றேன்னு எழுதியிருந்திச்சு. முன்பக்கம் கட்டணும், பத்திரம் ஒரே பேர்ல இருந்தாத்தான் பிளான் பாஸ் ஆவும்னிச்சு. 'உன் உசுரு இருக்கற வரைக்கும் பின்ரூம் உன்னுதுடி, எவனும் உன்ன அசைக்க முடியாது'ன்னு ஆபீஸ் வாசல்ல நின்னு என் தலையில கைய வச்சி சொல்லிச்சு. போட்டேன். கூடப் பொறந்தவன நம்பாம வேற யார நம்பறது?"

"பிராதுல உங்களுக்குத் தெரியவே தெரியாதுன்னு இருக்கே."

"அது கிரணு சொன்னது. சேஷகிரி வக்கீலு அவன்கிட்டதான் கேட்டாரு. என்ன எங்க கேட்டாரு? கையெழுத்துப் போடற எடத்த மட்டும் காட்டனாரு."

"நீங்களாவது சொல்லியிருக்கலாம்."

"பெத்த புள்ள எனக்காவ அவ்ளோ பேசிட்டு வந்து நிக்குது. நான் போயி அப்டி இல்லன்னா அவன் மூஞ்சி என்னாவறது?"

இளவேனிலுக்குக் கோபம் கோபமாக வந்தது. முதலில் கீழ்க்கோர்ட்டில் வழக்கை நடத்திய சேஷகிரிமேல், பிறகு கிரண்மேல், கடைசியில் தன்மேலேயே. இந்த அப்பீலைப் போட்டு மூன்று வருஷமாகிறது. இருநூற்றுப் பதினான்கு பக்கத்தை நான்கு முறை படித்திருக்கிறார். கேட்க வேண்டிய ஆளிடம் கேட்க வேண்டியதை இன்றைக்குத்தான் கேட்கிறார்.

விஷயம் என்னவென்றால், பாஞ்சாலி சொன்னதுதான் உண்மை, அந்த உண்மை கட்டில் இல்லை. பிராதில் சொல்லாத கதையை அப்பீலில் புதிதாக அவிழ்க்க முடியாது. பதிவான பத்திரத்துக்கு எதிராக வாசலில் சொன்ன வாக்கு சுலபத்தில் நிற்கவும் செய்யாது. 'எனக்குத் தெரியாது' என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினால் அது பச்சைப் பொய். தெரிந்தே அதைச் செய்ய இளவேனிலால் ஆகாது. பாஞ்சாலி பேசினால் வழக்கு சாகும், பேசாவிட்டாலும் ஏற்கெனவே பாதி செத்துத்தான் கிடக்கிறது.

6

இங்கே முடிவுகளை யோசித்தேன். வாசகரே, நீங்கள்கூட இந்நேரம் யோசித்திருப்பீர்கள்.

(அ) கோர்ட்டு அனுமதிக்கிறது. பாஞ்சாலி கூண்டேறி உண்மையைச் சொல்கிறார். அந்த நேர்மையைப் பார்த்து நீதிபதி நெகிழ்ந்து… (இளவேனிலின் பென்சில்: 'எந்தச் சட்டப் பிரிவில் நெகிழ்ந்தார்?')

(ஆ) பத்திரத்தில் ஒரு நுணுக்கமான ஓட்டையை இளவேனில் கண்டுபிடிக்கிறார். ('ஓட்டை எந்தப் பக்கத்தில்? எனக்கும் சொல்லவும்.')

(இ) சுனில் மனம் மாறி ஓடிவந்து அத்தை காலில் விழுகிறான். (இதற்கு ஒன்றும் எழுதவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.)

அந்தப் பார்வைக்குப் பிறகு என் பழைய காகிதங்களைப் புரட்டினேன். முதல் பிரதி முழுக்கப் பாஞ்சாலி அழுகிறார், பெருமூச்சு விடுகிறார், வானத்தைப் பார்க்கிறார். ஒரு வரி பேசவில்லை. அவர் மனதில் ஓடுவதையெல்லாம் நானே அழகாகச் சொல்லியிருக்கிறேன். சேஷகிரியைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? வெட்கமாக இருந்தது. அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.

7

இளவேனில் கோர்ட்டில் எழுந்து, இது குடும்பச் சண்டை, சமரச மையத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டார். எதிர்த் தரப்பு வக்கீல் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார். சுனிலுக்கும் கோர்ட்டுக்கு நடந்து அலுத்திருந்தது.

சமரசத்துக்கு ஒரு விதி உண்டு. அங்கே பேசுவதை யாரும் எழுதக்கூடாது. ஒத்துப்போனால் ஒப்பந்தத்தை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். ஒத்துப்போகாவிட்டால் அங்கே சொன்ன ஒரு சொல்லைக்கூடக் கோர்ட்டில் எடுத்துப் பேச முடியாது. பதினேழு வருஷமாக எழுதியிருப்பதை வைத்தே சண்டை போட்டவருக்கு, எழுதாத இடத்துக்குக் கட்சிக்காரரைக் கூட்டிப்போவது பயமாகத்தான் இருந்தது. அம்மா என்ன சொல்வார், சுனில் எப்படி எடுத்துக்கொள்வான் என்று எதுவும் அவர் கையில் இல்லை.

சமரசத்துக்குக் குறித்த நாள் காலையில், மையத்தின் தாழ்வாரத்து பெஞ்சில், இளவேனில் பக்கத்திலிருக்க, பாஞ்சாலி மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கிரண் அம்மா பக்கம் திரும்பினான்.

"தெரிஞ்சுதான் போட்டியா? ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியேடா."

கிரணுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருஷம் அவன் ஓடிய ஓட்டமெல்லாம் அம்மா சொல்லாத ஒரு கதைக்காக. பாஞ்சாலி அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

சமரசம் செய்ய வந்தவர் லீனா என்ற மூத்த வக்கீல். மேஜைக்கு அந்தப் பக்கம் சுனிலும் அவன் வக்கீலும். சுனில் அத்தையைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்கட்டுக்கும் பின்னறைக்கும் நடுவே இருபது அடி, பேசி ஒன்பது வருஷம்.

"உங்க பக்கம் யார் பேசப் போறீங்க?" என்று லீனா கேட்டார்.

பழக்கதோஷத்தில் கிரண் எழுந்துவிட்டான். இளவேனிலும் வாயைத் திறந்துவிட்டார்.

"கிரணு, நீ உக்காரு," என்றார் பாஞ்சாலி. பிறகு லீனாவிடம், "அம்மா, வக்கீலுங்க, என் புள்ள, எல்லாரும் கொஞ்சம் வெளிய இருக்கட்டும். நானும் சுனிலும்தான் பேசணும். நீங்க வேணா இருங்க."

சுனில் போனிலிருந்து தலையை நிமிர்த்தினான். இளவேனில் தன் கட்டை எடுத்துக்கொண்டு கிரணோடும் சுனிலின் வக்கீலோடும் வெளியே வந்தார். கதவு சாத்தப்பட்டது.

8

கதை இங்கே நிற்கிறது. இளவேனில் வெளியே நின்றதால் உள்ளே நடந்தது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாததால் எனக்கும் தெரியாது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கதவு திறக்கவில்லை என்பதை மட்டும் சொன்னார்.

எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்க மர்பி டவுனுக்குப் போனேன். வழக்கின் முடிவு அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. பாஞ்சாலி ஃபேன் போட்டு உட்காரவைத்தார்.

"கதவு வரைக்கும் எழுதிக்க கண்ணு. உள்ள பேசனது எங்க வூட்டுப் பேச்சு."

எந்த வீட்டில் எந்த அறையில் உட்கார்ந்து அவர் இதைச் சொன்னார் என்று எழுதினால் உங்களுக்கு முடிவு தெரிந்துவிடும். ஆகவே எழுதவில்லை.

அறை நிலைத்ததா போனதா என்பதை நீங்கள் தீர்மானித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் பாஞ்சாலி சுனிலிடம் என்ன சொல்லியிருப்பார் என்று மட்டும் நீங்களாக எழுத வேண்டாம். அவருக்காகப் பேச ஏற்கெனவே மூன்று பேர் கிளம்பினோம், சேஷகிரி, கிரண், நான். மூன்று பேரும் தப்பாகத்தான் சொன்னோம்.