சீனப் பூசை

லூயிஸின் முதுகில் செம்பனைக் குலை விழுந்தது 1979 நவம்பரில். ஆயர் தாவார் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்கான செம்பனை நட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பால் வெட்டிப் பழகிய அவன் கை, நீண்ட கழியின் நுனியில் கட்டிய அரிவாளுக்கும் பழகிவிட்டது. அன்று மரம் மழையில் ஊறியிருந்தது. அவன் நினைத்த பக்கம் குலை விழவில்லை. முப்பது கிலோ இருக்கும். விலகக் குனிந்தவனின் நடுமுதுகில் இறங்கியது.

ஈப்போ ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தான். பிறகு தோட்டத்து லாரியில் கொண்டுவந்து வீட்டில் இறக்கினார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. முப்பத்தாறு வயது. தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் பத்து வருடம் கோல் காத்தவன்.

அவன் மனைவி கெர்ட்ரூட் பாகான் செராய்ப் பக்கத்துப் பெண். பிள்ளைகள் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு தாதி அவளைத் தனியாக அழைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவனைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும், புண் வந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கெர்ட்ரூட் ஒரு அலாரக் கடிகாரம் வாங்கினாள். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அது அடித்தது. பகலில் அவள் புல்வெட்டு வேலைக்கும் போனாள். வேலையில் பெயர் இருந்தால்தான் லயத்தில் வீடு. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நல்ல மனுஷன். காலையில் இரண்டு முறை அவள் வீட்டுக்கு ஓடிப்போய் வர விட்டார். மரச்சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த இருளாயியும் அதே கூட்டத்தில்தான் புல் வெட்டினாள். அவள் விதவை. மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் டவுனிலிருந்து செபக் கூட்டத்தார் வந்தார்கள். ஏழெட்டுப் பேர். தலைவர் யேசுதாசன் லாரி மெக்கானிக். அரிசி, பால் டின், பிஸ்கட் என்று ஏதாவது கொண்டுவராமல் வரமாட்டார். கட்டிலைச் சுற்றி நின்று கைதட்டிப் பாடுவார்கள். பிறகு லூயிஸின் கால்களில் கை வைத்து உரக்க வேண்டுவார்கள்.

"அண்ணே, இன்னிக்கு ஏதாச்சும் தெரியுதா? சூடு மாதிரி, ஊசி குத்துற மாதிரி?" என்று யேசுதாசன் கேட்பார்.

முதல் சில வாரங்கள் லூயிஸ் கண்ணை இறுக மூடி முயன்று பார்த்தான். எதுவும் தெரியவில்லை என்று சொல்ல அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஒருநாள், கொஞ்சம் சூடு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டான். அன்று கூட்டத்தில் அழாதவர் இல்லை. கெர்ட்ரூட் மட்டும் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பொய் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்தப் பொய்தான் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வழி செய்தது. யேசுதாசன் அன்று உபவாசம் இருந்து வந்திருந்தார். செபம் முடிந்ததும், "எழுந்திரிங்கண்ணே! விசுவாசத்தோட எழுந்திரிங்க!" என்று சொல்லி, இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு லூயிஸை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார். இருவரும் ஒரே நேரத்தில் கையை விட்டார்கள். லூயிஸ் சிமெண்டுத் தரையில் மடிந்து விழுந்தான். இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்துவிட்டது. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவனைக் கட்டிலில் ஏற்றிய பிறகு யேசுதாசன் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தப்பா நெனைக்காதீங்க. மறைச்சு வச்ச பாவம் ஏதாச்சும் இருக்கா? எங்கயோ தடை இருக்குண்ணே."

அவர் கண்ணில் உண்மையான கவலை இருந்தது. அதுதான் லூயிஸுக்குத் தாங்கவில்லை.

"யேசுதாசா, நீ நல்லவன். ஆனா இனிமே வராதப்பா."

"அண்ணே..."

"என் சூசா, என் கஷ்டம் எனக்கு. வராதன்னா வராத லா!"

அவர்கள் போனார்கள். மறுபடி வரவில்லை. அவர்களைத் தவிர அந்த வீட்டுக்கு வேறு யாரும் தொடர்ந்து வந்ததும் இல்லை. லயத்து ஆண்கள் ஆரம்பத்தில் எட்டிப் பார்த்தவர்கள். படுத்திருக்கிறவனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் வருவதை நிறுத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமைகள் மற்ற நாட்களைப் போல ஆயின.

குலை விழுந்து வருடம் ஒன்று கடந்தது. கெர்ட்ரூட் நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டாள். கத்தியைப் பிடித்தபடி புல்லுக்குள் கண் அசந்துபோனவளை இருளாயி பிடித்து உலுக்கியது இரண்டு தடவை. வீட்டுக்கு வந்தால் லூயிஸ் எதற்கெடுத்தாலும் கத்தினான். சோறு சூடு, சோறு ஆறிப்போச்சு, தலையணை கல்லு மாதிரி இருக்கு. அவளும் திருப்பிக் கத்தினாள். அப்படி ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவன் கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். அவள் தரையைத் துடைக்க உட்கார்ந்தவள், துணியைப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"அந்தக் குலை தலையில விழுந்திருக்கலாம்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. லூயிஸ் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நானும் அதத்தான் நெனைச்சுக்கிட்டு இருக்கேன்" என்றான். கோபமில்லாமல் சொன்னான். அவள் துணியை எடுத்துத் தரையைத் துடைத்து முடித்தாள்.

மரச்சுவருக்குக் காது உண்டே. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இருளாயி தலை முழுகி, ஈரக்கூந்தலை முடிந்துகொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"கெத்ரூ, நீ கோயிலுக்குப் போய் எத்தனை மாசம் ஆச்சு?"

"அவர யாருக்கா பாக்குறது?"

"நான் பாக்குறேன். புரட்டிப் போடணும், அவ்வளவுதான? நான் என் மாமியார அஞ்சு வருஷம் புரட்டினவ. போ. குளிச்சிட்டு நல்ல சேலையா கட்டிக்கிட்டுப் போ."

கெர்ட்ரூட்டுக்குக் கோவிலுக்குப் போக விருப்பம் இல்லை. கடவுளிடம் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. இருந்த ஒன்றையும் நேற்றுப் புருஷனிடம் சொல்லிவிட்டாள். ஆனால் மறுத்துப் பேசவும் தெம்பில்லை. பஸ் ஏறினாள்.

டவுன் கோவிலில் தமிழ்ப் பூசை மாதத்தில் ஒரு ஞாயிறுதான். எந்த ஞாயிறு என்பதை அவள் மறந்துபோயிருந்தாள். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, சுற்றிலும் சீனர்கள். பாட்டு சீனம், வாசகம் சீனம். பலிபீடத்தில் நின்ற சீனப் பாதிரியார் சொன்னதில் ஒரு வார்த்தை புரியவில்லை. எழுந்து போக நினைத்தாள். கால் வரவில்லை. அவளை அங்கே யாருக்கும் தெரியாது. லூயிஸ் எப்படி இருக்கிறார் என்று கேட்க ஆள் இல்லை. தலையைச் சுவரில் சாய்த்தாள்.

கண் விழித்தபோது கோவில் காலியாக இருந்தது. பக்கத்து ஜன்னல் கதவுகளை யாரோ சாத்தி வெயிலை மறைத்திருந்தார்கள். பீடத்துப் பக்கம் நின்ற மின்விசிறி இப்போது அவளுக்கு நேராக நின்று சுழன்றுகொண்டிருந்தது. கடைசிப் பெஞ்சில் பாதிரியார் சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டரை. மூன்று மணி நேரம் அவள் தூங்கியிருக்கிறாள். விழுந்தடித்து எழுந்து, தெரிந்த மலாயில் மன்னிப்புக் கேட்டாள்.

"தாப்பா, தாப்பா," பரவாயில்லை என்று அவர் கையசைத்தார். "தீடோர் லா."

தூங்கு என்கிறார். கெர்ட்ரூட் அங்கேயே நின்று அழுதாள். அவர் என்ன விஷயம் என்று கேட்கவில்லை. அவள் அழுது முடிக்கும் வரை பத்திரிகையை மடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்குப் போனபோது லூயிஸ் சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தான். "பூசை எப்படி?" என்று சுவரிடம் கேட்டான்.

"தெரியல. தூங்கிட்டேன்."

"பிரசங்கத்திலயா?"

"முழுசா. அதுவும் தமிழ்ப் பூசை இல்ல. சீனப் பூசை."

கட்டில் ஆடியது. அவள் பயந்து கிட்டே போனாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். "சீனப் பூசையிலயா? குறட்டை விட்டியா?" என்று கேட்டு, மூச்சுத் திணறத் திணறச் சிரித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் சிரித்ததே இல்லை. இருளாயி என்னவோ ஏதோ என்று ஓடிவந்து, விஷயம் தெரிந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த ஞாயிறும் போ," என்றான் லூயிஸ். "தமிழ்ப் பூசைக்குப் போகாத. அங்க எல்லாரும் கேள்வி கேப்பாங்க. சீனப் பூசைக்கே போய்த் தூங்கு. உனக்கு நான் குடுக்கக்கூடியது இப்ப அதுதான்."

அப்படித்தான் ஆயிற்று. ஞாயிறு தோறும் அவள் போனாள், அதே பெஞ்சில் தூங்கினாள். மின்விசிறி முன்கூட்டியே அவள் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. இருளாயி லூயிஸைப் புரட்டினாள், அவனுக்குத் தோட்டத்து வம்பெல்லாம் சொன்னாள். சண்டை மெல்லக் குறைந்து ஒருநாள் இல்லாமலே போயிற்று. அலாரம் அடித்தால் அவன்தான் முதலில் கண் விழித்து, "மெதுவா வா, அவசரமில்ல" என்பான்.

ஒரு சாயங்காலம் அவள் அவனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். சோப்பு நுரைக்குள்ளிருந்து அவன் சொன்னான்: "ஆண்டவர்கிட்ட எழுந்திரிக்கணும்னு கேக்குறத விட்டுட்டேன், கெத்ரூ."

அவள் கை நின்றது.

"கேட்டுக்கிட்டே இருந்த வரைக்கும் அவர் தூரத்துல எங்கயோ இருந்தாரு, நான் கத்திக்கிட்டு இருந்தேன். இப்ப ஒண்ணும் கேக்குறதில்ல. நீ வேலைக்குப் போனப்புறம் அவர்கிட்ட சும்மா பேசுறேன். மழை வரும்போல இருக்கு, இருளாயி அக்கா மீன் பொரிக்குது, அந்த மாதிரி. பக்கத்துல இருக்காரு. என்னால சொல்லத் தெரியல."

"கால் அப்படியேதான இருக்கு."

"அப்படியேதான் இருக்கு. மனசு கெடையா கெடக்கல."

கெர்ட்ரூட்டுக்கு அந்தச் சமாதானம் வரவில்லை. அவனுக்கு வந்ததில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. "நீங்க அவர்கிட்ட பேசுங்க. நான் தூங்குறேன்," என்றாள். அவன் மறுபடி சிரித்தான். கன்னத்தில் லேசாக வெட்டிவிட்டது.

1981 ஜூனில் புண் வந்தது. இத்தனை புரட்டியும் வந்தது. இடுப்பெலும்புக்குமேல் ஐந்து காசு அளவு சிவப்பாகத் தொடங்கி, பத்து நாளில் எலும்பு தெரிந்தது. தோட்டத்து டிரெசர் மருந்து வைத்துக் கட்டினார்; காய்ச்சல் இறங்கவில்லை. பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள் மத்தியானம் லூயிஸ் செத்துப்போனான். அந்த நான்கு நாளும் அவன் முகம் அமைதியாகவே இருந்தது என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் காய்ச்சல் வேகத்தில் அலறினான், யாரையோ திட்டினான். மூன்றாம் நாள்தான் அடங்கினான். அவள் கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

அடக்கத்துக்கு யேசுதாசன் வந்தார். கல்லறைக் குழிக்கு மண் தள்ள மற்றவர்களோடு மண்வெட்டி பிடித்தார். பிறகு வியர்வையும் கண்ணீருமாக கெர்ட்ரூட்டின் முன் வந்து நின்றார்.

"கடைசியில அண்ணன் ஏதாச்சும் சொன்னாராக்கா?"

"தண்ணி கேட்டாரு."

அவர் காத்திருந்தார். அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. "உங்கமேல அவருக்குக் கோபம் இல்ல, தம்பி. அரிசி கொண்டாந்தத அடிக்கடி சொல்வாரு," என்றாள். யேசுதாசன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

வேலையில் அவள் பெயர் இருந்தும் வீடு நிலைக்கவில்லை. அந்த லயத்தை இடிக்கப்போவதாகவும், ஒற்றை ஆட்களுக்குப் புது வீடு கிடையாது என்றும் ஆபீசிலிருந்து கிராணி வந்து சொன்னார். இரண்டு மாதம் தவணை. ஈப்போ புந்தோங்கில் அக்காள் வீட்டில் ஒரு மூலை இருந்தது. சாமான் ஒரு வேனில் பாதிகூட நிறையவில்லை.

புறப்படும்போது இருளாயி வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள். "கேக்கக்கூடாதுதான். ஆனா கேக்காம இருக்க முடியல. அந்த மனுஷன் அவ்வளவு நம்பினாரே. ஒங்க சாமி அவருக்கு என்னதான் செஞ்சிச்சு?"

கெர்ட்ரூட் யோசித்தாள். நல்ல பதிலாகச் சொல்ல ஆசைப்பட்டாள்.

"தெரியலக்கா. கடைசி ஆறு மாசம் எங்க வீட்டுல ரெண்டு பேரும் மனுஷங்களா இருந்தோம். அதுக்கு முன்னால இல்ல."

இருளாயி தலையை ஆட்டினாள். ஏற்றுக்கொண்டாளா என்று தெரியவில்லை. வேன் கிளம்பியது.

புந்தோங்கில் கெர்ட்ரூட்டுக்குச் சீனர் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. கடையின் பின்பக்கம், காலைமுதல் இருட்டும் வரை. விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்தது. அக்காள் புருஷனுக்கு அவள் வந்தது பிடிக்கவில்லை. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடம்பு தானாக விழித்துக்கொண்டது. புரட்டிப்போட ஆள் இல்லாமல் ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்தாள். செபம் வரவில்லை.

ஆனால் எப்போதாவது, மத்தியானக் கூட்டம் ஓய்ந்து, குழாயடியில் குந்தி அவள் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, காரணமே இல்லாமல் உள்ளுக்குள் எல்லாம் அடங்கும். தண்ணீர் ஓடும். சட்டியின் அடியில் ஒட்டிய சாம்பல் கரையும். அவள் எதுவும் கேட்கமாட்டாள், யாரும் எதுவும் சொல்லவும் மாட்டார்கள். ஒரு சட்டி கழுவும் நேரம் அது இருக்கும். பிறகு கடை முதலாளி தௌக்கேயின் மனைவி உள்ளேயிருந்து கூப்பிடுவாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கெர்ட்ரூட் எழுந்து போவாள்.