மயிலாத்தாளிடம் கேட்ட இரண்டு கேள்வி

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முதல் கோபம் என் மேல்தான். குருமடத்தில் மூன்று வருஷம் ஒழுக்க இறையியல் படித்தவன் நான். விவாகத்தைப் பற்றிய பாடத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவன். மேற்படிப்புக்கு என்னை ரோமாபுரிக்கு அனுப்ப பிஷப் ஆண்டவர் யோசிக்கிறார் என்று பேச்சு வேறு. அவ்வளவு படிப்பையும் வைத்துக்கொண்டு நான் செய்த முதல் காரியம், வாளையாருக்குப் பக்கத்தில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை ஏமாற்றியது.

விஷயம் இதுதான். காளிச்சாமி என்பவன் அண்ணன் தம்பிகளோடு சண்டை போட்டுக்கொண்டு மூணாறு மலைக்குப் போய், ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணி ஆனான். அங்கே ஞானஸ்நானம் வாங்கிச் சூசை ஆனான். அப்புறம் சிசிலி என்ற பெண்ணைக் கட்ட ஆசைப்பட்டான். ஊரிலோ அவனுக்கு மயிலாத்தாள் என்று மனைவி இருந்தாள். அவள் இந்து. இப்படி வந்தால் அந்த மனைவியிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். நீ ஞானஸ்நானம் பெறுவாயா? இல்லையென்றால், சிருஷ்டிகர்த்தரை நிந்திக்காமல் உன் புருஷனோடு சமாதானமாக வாழ்வாயா? இரண்டுக்கும் மாட்டேன் என்றால் அவன் வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம். ஒன்றுக்குச் சம்மதித்தாலும் முடியாது, அவன் அவள் புருஷன்தான்.

அவளிடம் கேட்டு எழுதச் சொல்லி, மலைக் கோயில் சாமியாரிடமிருந்து எங்கள் பங்குச் சாமியார் ஞானாதிக்கம் சுவாமிக்குக் கடிதம் வந்தது. விடுமுறைக்கு வந்திருந்த என்னைக் கூப்பிட்டார்.

"கேட்டு எழுதிக்கிட்டு வா, மரியநாயகம். எதுக்குக் கேக்கறோம்னு விளக்கிக்கிட்டு நிக்காதே. ஒப்பாரி வைக்க ஆரம்பிச்சுடுவா."

நானும் தலையை ஆட்டினேன். மடையன்.

மயிலாத்தாள் கடலைக் காட்டில் இருந்தாள். மலையிலிருந்து சேதி என்றதும் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அவரு நல்லாருக்காருங்களா?" என்றாள். இரண்டு வருஷமாக அவளுக்கு ஒரு கடுதாசி கிடையாது.

முதல் கேள்வியைக் கேட்டேன். "அய்யோ, மாரியாத்தாள உட்டுப்போட்டு என்னால வர முடியாதுங்க" என்றாள். இரண்டாவதைக் காகிதத்தைப் பார்த்து வாசித்தேன். சிருஷ்டிகர்த்தர் என்றால் ஆருங்க என்று கேட்டாள். சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"அவரு கும்பிடற சாமிய நான் எதுக்குங்க வையறேன்? அவரு பாட்டுக்குக் கும்பிடட்டும், நான் பாட்டுக்குச் சோறாக்கிப் போடறேன். அவரோட வாழாம பின்னே எங்கீங்க போறேன்?" சொல்லும்போதே கண் கலங்கியது. "என்னையக் கூட்டியாரச் சொல்லி உட்டிருக்காருங்களா?"

அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, மண் பிடித்த அந்தக் கட்டைவிரலில் மை தடவிக் கைநாட்டு வாங்கினேன். நான் வரப்பைத் தாண்டுவதற்குள் அவள் வீட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினாள்: "அத்தே, கூப்புட ஆளு உட்டிருக்காருங்க!"

ஞானாதிக்கம் சுவாமி காகிதத்தின் முதல் பதிலை மட்டும் படித்தார். வேறொரு தாளை எடுத்து, இரண்டுக்கும் மறுத்தாள் என்று இலத்தீனில் எழுதி என் பக்கம் தள்ளினார்.

"ரெண்டாவதுக்குச் சம்மதிச்சிருக்கா, சாமி."

"அஞ்ஞானி எப்படிப்பா சமாதானமா வாழ்வா? நாலு நாள்ல பூசாரியைக் கூட்டிக்கிட்டு வந்து நிப்பா. நான் பாக்காததா? கையெழுத்துப் போடு."

"இது பொய்ச்சாட்சி!"

"ரோமாபுரிக்குப் போக வேணாமா உனக்கு? உன் நடத்தையைப் பத்தின கடிதம் என் கையிலிருந்துதான் போகணும்."

எங்கள் பாடப்புத்தகத்தில் இந்த வழக்கு இருக்கிறது. அதில் கணவன் பெயர் டித்தியுஸ், மனைவி பெயர் பெர்த்தா. பெர்த்தா கடலைக்குக் களை வெட்டுவதில்லை, புருஷன் நல்லாருக்காரா என்று கேட்பதுமில்லை. அதனால்தான் அத்தனை பேரும் சுலபமாக விடை எழுதினோம். "போட மாட்டேன், போங்க!" என்று பேனாவை வீசினேன். அவர் அசரவில்லை. சமையற்காரரைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கி, உறையை ஒட்டி, அன்றே தபாலுக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் மயிலாத்தாள் சாமியார் பங்களா வாசலில் வந்து நின்றாள். கையில் துணி மூட்டை, அதில் புருஷனுக்கு ஒரு புது வேட்டியும் படி கடலையும். "போகச் சொல்லு" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. நான் போகச் சொல்லவில்லை. சிசிலியைப் பற்றி, அந்தக் கேள்விகள் எதற்கு என்பதைப் பற்றி, மலைக்குப் போன பொய்க் கடிதத்தைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை.

"அப்ப என்னைய அறுத்து உடறதுக்குத்தான் கேட்டீங்களா?"

"ஆமா, அம்மணி."

"நேத்தே எதுக்குங்க சொல்லுல?"

என் கண் அவள் மூட்டைக்குப் போயிற்று.

"படிச்சவங்களாமா! தூ!" என்றாள். அந்த எச்சில் எனக்கு வேண்டும். பிறகு உள்ளே பார்த்து, "ஏனுங்க சாமி, நான் மாட்டேன்னு எப்பங்க சொன்னேன்?" என்று சத்தம் போட்டாள்.

சுவாமி வாசலுக்கு வந்தார். "எல்லாம் முடிஞ்சு போச்சு. ஊட்டுக்குப் போம்மா."

"முடியல!" என்று நான் கத்தினேன். "அம்மணி, கலியாணத்துக்கு முன்னால அந்த மலைக் கோயில்ல மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பாங்க. இன்னார் இன்னாரைக் கட்டப் போறார், ஏதாச்சும் தடை இருந்தா சொல்லுங்கன்னு ஊருக்கே கேப்பாங்க."

"ஆரு வேணும்னாலும் எந்திரிச்சுச் சொல்லலாமுங்களா?"

"சொல்லியே ஆகோணும். தெரிஞ்சும் சொல்லாம இருந்தா பாவம்."

"மரியநாயகம்!" சுவாமியின் முகம் சிவந்துவிட்டது. ரோமாபுரி அந்த நிமிஷத்தோடு போயிற்று. போகட்டும். படித்த படிப்பில் உருப்படியாக ஒருவருக்குச் சொன்னது அது ஒன்றுதான்.

"மலைக்கு எப்படீங்க போறது?"

"உடுமலைப்பேட்டை வரைக்கும் வண்டி. அப்புறம் மறையூர் வழியா நடை."

மயிலாத்தாள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டாள். சுவாமியை நேராகப் பார்த்தாள்.

"பொறப்படறனுங்க, சாமி. தெரிஞ்சும் சொல்லாம எனக்கெதுக்குங்க அந்தப் பாவம்?"